வேன் மாமா ஹார்ன் அடித்த நாள்

பாப்பா புறப்பட்டது ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடம் பெரிய லீவு விட்ட மறுநாள். வேன் மாமா விடியும் முன்பே எழுந்து வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். லீவில் எந்தப் பிள்ளையை ஏற்றப் போகிறார் என்று இந்தக் கழுவு கழுவுகிறார்? அதைக் கேட்டிருக்க வேண்டிய மனைவி அந்நேரம் பேக்கரியில் முதல் ஈடு ரொட்டியை அடுப்பிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தாள். கேட்க ஆளில்லாத தைரியத்தில் மாமா டயருக்குக் காற்று பார்த்தார், டேங்கை நிரப்பிக்கொண்டு வந்தார், வண்டியின் நெற்றியில் இருந்த "பள்ளிப் பிள்ளைகள்" போர்டைக் கழற்றிப் பின் சீட்டுக்கு அடியில் தள்ளினார்.

முதுகுப்பையோடு பாப்பா வாசலுக்கு வந்தாள். பன்னிரண்டு வயது. "பாப்பா" என்று கூப்பிட்டால் இப்போதெல்லாம் காது கேட்பதில்லை.

"பாப்பா, ஸ்வெட்டர் வெச்சியா?"

அவள் குனிந்து ஷூ லேஸை இறுக்கினாள்.

"உன்னத்தாம்மா."

"வெச்சேன். டார்ச் வெச்சேன். மாத்திரை வெச்சேன். உன்னையும் மடிச்சு உள்ள வெக்கட்டுமா?"

மாமா சிரித்தார். ஆனால் அந்தக் கேள்விக்கு அவர் மனசு ஆமாம் என்று சொல்லிவிட்டது.

வேன் மாமா யாருக்கு மாமா என்று கேட்டால் சொல்வது கஷ்டம். அந்தப் பக்கத்து ஆறேழு தெருப் பிள்ளைகளுக்கும் அவர் மாமா. அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். ஒரு முறை போக்குவரத்துப் போலீஸ்காரர்கூட, "என்ன மாமா, லைட்டைப் பார்க்கலையா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். வேன் கடுகு நிறம். பக்கவாட்டில் இழுவைக் கதவு. ஓட்டுநருக்கு எல்லா வண்டியிலும் ஒரு உள் கண்ணாடி இருக்கும், இவர் இரண்டாவது ஒன்றை மாட்டியிருந்தார், அது முழுக்கப் பிள்ளைகளைப் பார்க்க. எந்தத் திருப்பத்தில் எந்தப் பிள்ளைக்கு வயிற்றைப் புரட்டும், யார் இறங்கும்போது குடையை மறப்பார்கள், யார் ஷூ லேஸ் கட்டாமலே ஏறுவார்கள், எல்லாம் அவருக்கு அத்துபடி.

அவர் தொழிலில் ஒரு கறார் உண்டு. கைக்குக் கை. வீட்டு வாசலில் வண்டி நிற்கும், ஆனால் உள்ளிருந்து பெரியவர் ஒருவர் வந்து கை நீட்டினால்தான் கதவு திறக்கும். மழை கொட்டினாலும் சரி, பின்னால் நிற்கிற வண்டிகள் எல்லாம் அலறினாலும் சரி. "மாமா, எதிர்வீடுதானே, நானே போயிடறேன்" என்று எட்டாம் வகுப்புப் பையன் கெஞ்சினாலும் திறக்காது. இந்தக் கறாருக்காகவே அவர் வேனில் இடம் கிடைக்காமல் பெற்றோர் காத்துக் கிடந்தார்கள்.

ஹார்னும் அப்படித்தான். இரண்டு சின்னது, ஒன்று நீளம். அது கேட்டால் பிள்ளைகள் பாதித் தூக்கத்திலும் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடும். வாயில் பல்துலக்கும் பிரஷ்ஷோடு வந்து நின்ற பிள்ளைகள் உண்டு.

இவ்வளவு கறார் எங்கிருந்து வந்தது என்று மனைவிக்கு மட்டும் தெரியும். ஏழெட்டு வயதில் அவரை ஒரு பஸ் நிலையத்துப் பெஞ்சில் உட்காரவைத்து, "இங்கயே இரு, இதோ வந்துடறேன்" என்று போன சித்தப்பா, சிநேகிதர்களைப் பார்த்த குஷியில் பிள்ளையை மறந்தே போனார். பொழுது சாய்ந்தபிறகு ஒரு கண்டக்டர் பையனைக் கூட்டிக்கொண்டுபோய் வீட்டில் விட்டார். அதற்குப்பிறகு அவர் பழக்கமில்லாத எந்த ஊருக்கும் தனியாகப் போனதில்லை. வாழ்நாள் முழுக்க வண்டி ஓட்டுகிறவர், ஓட்டியதெல்லாம் அதே ஆறேழு தெரு.

அப்படிப்பட்டவரின் மகள், "விசில் அக்கா கூட டூர் போறேன்" என்று வந்து நின்றாள்.

விசில் அக்கா நகராட்சி நீச்சல் குளத்தில் வேலை பார்ப்பவள். உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, யாராவது தண்ணீரில் தத்தளித்தால் குதிப்பதுதான் வேலை. முப்பது வயது இருக்கும். லீவு விட்டால் பத்துப் பதினைந்து பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு மலைக்கும் ஏரிக்கும் கூட்டிப்போவாள். கூட்டிப்போவாள் என்பதே தப்பு. பிள்ளைகள்தான் அவளைக் கூட்டிப்போக வேண்டும். எந்தப் பஸ், எங்கே மாறுவது, எங்கே சாப்பிடுவது எல்லாம் அவர்கள் பாடு. அக்கா வரிசையின் கடைசியில் வருவாள். "அக்கா, இந்தப் பக்கமா?" என்று கேட்டால், "எனக்கென்ன தெரியும், நான் உங்க பின்னாடி வர்றவ" என்பாள். ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை முன்னால் நடக்கும். அன்றைக்கு அத்தனை பேருக்கும் அந்தப் பிள்ளைதான் பொறுப்பு.

பெற்றோர் கூட்டத்தில் மாமா கை தூக்கினார்.

"தப்பான பஸ்ல ஏறிட்டா?"

"ஏறுவாங்க" என்றாள் அக்கா.

"ஏறினா?"

"எறங்குவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மனைவிதான் கையெழுத்துப் போட்டாள். "அவ வேலை தண்ணில முழுகறவங்களைத் தூக்கறது. உங்க பொண்ணு தரையில நடக்கப் போறா. விடுங்க."

பஸ் நிலையத்தின் கேட்டிலேயே பெற்றோர் நின்றுவிட வேண்டும் என்பது அக்காவின் ஏற்பாடு. மனைவி கை முழுக்க மாவோடு ஓடி வந்து ஒரு பெரிய பொட்டலம் பன்னை மகளின் பையில் திணித்தாள். பிள்ளைகள் கவுண்டருக்குப் போய்த் தாங்களே டிக்கெட் எடுத்தார்கள். பாப்பாதான் முன்னால் நின்றாள். பாதிப் பிள்ளைகள் மாமாவின் வேன் பிள்ளைகள். போகிறபோக்கில் எல்லோரும் அவருக்கு டாட்டா காட்டினார்கள். அவர் மகளைத் தவிர.

"கண்ணத் தொடைங்க. பிள்ளைங்க பாக்குதுங்க" என்றாள் மனைவி.

"தூசி."

"பஸ்ஸு இன்னும் கெளம்பவே இல்ல. அதுக்குள்ள தூசியா?"

"சரி, நான் வேனை சர்வீஸுக்கு விட்டுட்டு வரேன்."

"போன மாசம்தானே விட்டீங்க?"

"பிரேக் சத்தம் போடுது."

அவள் அவரை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள். பேக்கரியில் இரண்டாம் ஈடு காத்திருந்ததால் பிழைத்தார்.

பஸ் கிளம்பியது. வேனும் கிளம்பியது.

முதலில் மாமாவுக்குப் பழக்கமில்லாத ரோடு பயமாக இருந்தது. ஊர் எல்லையைத் தாண்டி, தெருவிளக்குகள் நின்று, இரண்டு பக்கமும் வெட்டவெளி விரிந்தபோது பயம் போய் வேறு ஏதோ வந்தது. சன்னல் வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. வேனின் நான்காவது கியர் இவ்வளவு நன்றாக இழுக்கும் என்று அவருக்கே அன்றுதான் தெரியும். தெருவுக்குள் ஓட்டுகிற வண்டிக்கு நான்காவது கியருக்கு ஏது வேலை! சீட்டின் நுனியில் உட்கார்ந்து, முன்னால் போகிற பஸ்ஸின் முதுகிலிருந்து கண்ணை எடுக்காமல், சினிமாவில் வருகிற துப்பறிகிறவனைப் போலப் போனார்.

துப்பறிகிறவன் கடுகு நிற வேனில் போக மாட்டான் என்பது அவருக்குத் தோன்றவில்லை. ஒரு மேட்டில் பஸ் மெதுவானபோது பின் கண்ணாடியில் ஒரு மூக்கு வந்து ஒட்டியது. ரேடியோ. ஏறினதிலிருந்து இறங்குகிறவரை வாய் ஓயாத பெண், ஆறாம் வகுப்பு. அவள் கண்ணை விரித்து உள்ளே திரும்பி ஏதோ கத்துவது தெரிந்தது. மாமா சட்டென்று ஒரு மணல் லாரிக்குப் பின்னால் ஒதுங்கினார். லாரிக்காரர் என்னவோ ஏதோவென்று கையைக் காட்டி முன்னால் போகச் சொன்னார். மாமா போகவில்லை. லாரிக்காரர் வண்டியையே ஓரம் கட்டி, "போய்யா!" என்றார். அதற்குமேல் ஒளிய இடமில்லாமல் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு போனார்.

இரண்டு சாலை சேருகிற இடத்தில் ஒரு பஸ் நிலையம். பிள்ளைகள் இங்கே இறங்கி ஏரிப் பஸ் பிடிக்க வேண்டும். மாமா ஒரு டயர் கடைக்குப் பின்னால் வேனை நிறுத்தினார்.

"பஞ்சரா?" என்றார் டயர் கடைக்காரர்.

"இல்ல. சும்மா."

"டயர் கடையில சும்மாவா?"

 மாமாவின் கண் பஸ் நிலையத்தில் இருந்தது. பாப்பா முன்னால் நடந்தாள். பையின் வாரை இரண்டு கட்டைவிரலாலும் பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, ஏதோ ராணுவத்தை நடத்திப்போகிறவள் மாதிரி. வீட்டில் தட்டைக் கழுவச் சொன்னால் தோளைத் தொங்கப்போடுகிற பெண்ணா இது? அந்த நேரம் ஒரு பஸ் வந்து நின்றது. சீட்டுப் பிடிக்கக் கூட்டம் பாய்ந்தது. கூட்டத்தோடு கூட்டமாகப் பிள்ளைகளும் பாய்ந்தார்கள்.

மாமா போர்டைப் படித்தார். "இது ஏரிக்கா போகுது?" என்று டயர் கடைக்காரரிடம் கேட்டார்.

"ஏரியா? இது கல்குவாரி பஸ். அந்தப் பக்கம் வேற ரோடு."

மாமா விசில் அக்காவைப் பார்த்தார். அவள் போர்டை நன்றாக நிமிர்ந்து படித்தாள். படித்துவிட்டு, கழுத்தில் தொங்கிய விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, கடைசி ஆளாக அதே பஸ்ஸில் ஏறினாள்.

மாமாவுக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. ஓடிப்போய்ச் சொல்லலாம் என்றால் ஒளிந்து வந்தது தெரிந்துவிடும். கத்தலாம் என்றால் அந்த இரைச்சலில் கேட்காது. கை மட்டும் ஜன்னல் வழியாக வேனுக்குள் போய் அதற்குத் தெரிந்த வேலையைச் செய்தது. இரண்டு சின்னது, ஒன்று நீளம்.

அடுத்து நடந்ததை மாமா பிற்பாடு எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

பஸ்ஸின் உள்ளே இருந்த வேன் பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்தார்கள். யோசிக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்க்கவுமில்லை. பைகளை மாட்டிக்கொண்டு, முன்வாசல் வழியாக மடமடவென்று இறங்கி, சாலையை இரண்டு பக்கமும் பார்த்து ஒழுங்காகக் கடந்து, டயர் கடையைச் சுற்றிக்கொண்டு வந்து, இழுவைக் கதவுக்கு முன்னால் வழக்கமான வரிசையில் நின்றார்கள். பின்வாசலில் கூட்டத்துக்குள் நசுங்கிக்கொண்டிருந்த விசில் அக்காவின் கண்ணில் இது படவே இல்லை. கூட்டத்துக்கு நடுவில் டிக்கெட்டுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்த பாப்பாவும் பார்க்கவில்லை, வீட்டிலேயே வேன் ஏறுகிற அவளுக்கு அந்த ஹார்னுக்கு எழுந்து பழக்கமில்லை. கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது. அக்காவோடு, மீதிப் பிள்ளைகளோடு, பாப்பாவோடு.

வரிசையின் முதலில் நின்ற ரேடியோ கொஞ்ச நேரம் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"மாமா, நாங்க ஏன் எறங்கினோம்?"

மாமா கதவை இழுத்துத் திறந்தார். "ஏறுங்க, ஏறுங்க! பஸ்ஸைப் பிடிச்சிடலாம்! சீக்கிரம்!"

எலுமிச்சை ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தான். திருப்பங்களில் மூக்கில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டே வருவதால் அவனுக்கு அந்தப் பெயர். குரல் வெளியே வராத பிள்ளை. ரேடியோ அவன் பையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"ஏறாத! பிரிஞ்சுட்டா பின்னாடி நிக்கறவங்க நகரக் கூடாது. முன்னாடி போனவங்கதான் திரும்பி வரணும். அக்கா சொன்னாங்க இல்ல?"

"அது நடந்து போறப்பம்மா. இது பஸ்ஸு!" என்றார் மாமா.

"பஸ்ஸுக்கும் அதேதான். நாம அந்தப் பக்கம் போயி, அவங்க இந்தப் பக்கம் வந்துட்டா?"

"நான் உங்க மாமா!"

"மாமாதான். ஆனா இன்னிக்கு எங்க வண்டி நீங்க இல்ல."

படியில் வைத்த காலை எலுமிச்சை கீழே எடுத்துவிட்டான். மற்ற பிள்ளைகளும் ஓர் அடி பின்னால் போனார்கள். திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு மாமா நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் கதவைத் திறந்து யாரும் ஏறாமல் இருந்ததில்லை.

வேறு வழியில்லை. மனைவியைப் போனில் கூப்பிட்டார். அக்காவின் நம்பர் அவளிடம்தான் இருந்தது.

"எங்க இருக்கீங்க?"

"சர்வீஸ்ல."

"சர்வீஸ்ல என்ன, கண்டக்டர் கூவற சத்தம் கேக்குது?"

"அது வந்து…"

"பின்னாடியே போயிட்டீங்களா?"

மாமா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார்.   மனைவி பேசினாள், பாக்கி வைத்த கடைக்காரர்களோடு பேசுகிற குரலில்.

"அங்கேயே நில்லுங்க. ஒரு அடி நகரக் கூடாது. ஹார்ன்ல கை வெச்சீங்கன்னா வீட்டுக்கு வராதீங்க."

சற்று நேரத்தில் திரும்பக் கூப்பிட்டாள். "அந்தப் பொண்ணுகிட்ட பேசிட்டேன். எறங்கிட்டாங்களாம், நடந்து வர்றாங்களாம். பிள்ளைங்க அங்கேயேதான் இருக்கும்னு அவளுக்குத் தெரியுமாம். உங்களைத்தான் நகராம பாத்துக்கச் சொன்னா."

பிள்ளைகளுக்கு இதெல்லாம் காதில் விழவே இல்லை. அவர்கள் வேலையில் இருந்தார்கள். ரேடியோ நேரம் பார்க்கிற அலுவலரின் ஜன்னலுக்கு எம்பி எம்பிப் பேசி, அடுத்த ஏரிப் பஸ் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் நிற்கும், கடைசிப் பஸ் எது என்று கறந்துகொண்டு வந்தாள். ஒரு பையன் எல்லோர் பாட்டிலிலும் தண்ணீர் பிடிக்கப் போனான். குரலே வராத எலுமிச்சை சாலை ஓரத்துப் பெரிய கல்லின் மேல் ஏறி நின்று கல்குவாரிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நானும் வரேன்" என்று மாமா ஜன்னல் பக்கம் போனார்.

"நீங்க பைங்களைப் பாத்துக்கோங்க மாமா" என்றாள் ரேடியோ.

மாமா பெஞ்சில் பைகளுக்கு நடுவில் உட்கார்ந்தார். பஸ் நிலையத்துப் பெஞ்சு. அந்தக் காலத்துப் பெஞ்சைப் போலவே இரும்பு, அதே மாதிரி தொடையில் குளிர்ந்தது. அன்றைக்கு உட்கார்ந்திருந்த பையன் எதுவும் செய்யவில்லை. வாசலைப் பார்த்து அழுதுகொண்டிருந்தான், யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே அவனுக்குத் தெரியாது. இங்கே இந்தக் கூட்டம் தேனீக்கூட்டம் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு பிள்ளைகூட அழவில்லை.

"வர்றாங்க!"

எலுமிச்சைதான் கத்தினான். அந்தச் சத்தத்துக்கு டயர் கடைக்காரரே வெளியே வந்துவிட்டார். அவ்வளவு பெரிய குரல் அந்தச் சின்ன உடம்புக்குள் எங்கே இருந்ததோ!

வளைவில் பாப்பா வந்தாள். முகம் சிவந்து, முடி கலைந்து, முன்னால் அரை ஓட்டமாக. பின்னால் மற்ற பிள்ளைகள். கடைசியில் விசில் அக்கா. இந்தப் பக்கத்துக் கூட்டம் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடியது. நடுச்சாலைக்குப் போகாமல் ஓரத்திலேயே இரண்டு கூட்டமும் மோதிக் கட்டிப்பிடித்துக் குதித்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், யாரும் யாரையும் கேட்கவில்லை.

பாப்பா மட்டும் குதிக்கவில்லை. ஒவ்வொரு தலையாகத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் அப்பாவிடம் வந்தாள்.

"ஏன்பா?"

"தப்பான பஸ்ஸும்மா அது."

"தெரியும். டிக்கெட் கிழிக்கும்போதே கண்டக்டர் சொல்லிட்டாரு. அடுத்த ஸ்டாப்ல எறங்கணும்னு திரும்பிப் பாத்தேன். பாதி பேரைக் காணோம்." அவள் உதடு துடித்தது. "இன்னிக்கு நான்பா முன்னாடி. எல்லாரும் என் பொறுப்பு. நான் தொலைச்சுட்டேன்னு நெனச்சேன். எங்க எறங்கினாங்க, எப்ப எறங்கினாங்க, எதுவுமே தெரியல. உனக்குத் தெரியுமா அது எப்படி இருக்கும்னு?"

மாமாவுக்குத் தெரியும். அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இருக்க முடியாது. வாழ்நாள் முழுக்க எந்தப் பயம் தன் பிள்ளையைத் தொடக் கூடாது என்று கைக்குக் கை கொடுத்துக் காத்தாரோ, அதைத் தன் கையாலேயே அவள் தலையில் இறக்கிவிட்டிருந்தார்.

"தப்புதான்" என்றார். 

விசில் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். "என்ன மாமா, நல்ல ஹார்ன். குளத்துல எனக்கு அது மாதிரி ஒண்ணு வேணும். நான் விசிலை முழுங்கினாலும் ஒருத்தன் கரையேற மாட்டேங்கறான்."

"போர்டைப் படிச்சிட்டுத்தானே ஏறினீங்க?"

"படிச்சேன்."

"தெரிஞ்சுமா?"

"அவங்களும் தெரிஞ்சுக்கிட்டாங்களே, டிக்கெட் கிழிக்கறதுக்குள்ள. எறங்கினவங்களைப் பாக்காம விட்டது என் தப்பு. கடைசில வர்றவளுக்கு வேலையே அதுதான். அதை நான் உங்க பொண்ணுகிட்ட வழியிலயே சொல்லிட்டேன்."

பிள்ளைகள் கூடிப் பேசினார்கள். மாமாவை என்ன செய்வது என்பதுதான் விஷயம். வாயைத் திறக்காமல் பின்னால் வருவதென்றால் வரட்டும் என்று எலுமிச்சை சொன்னான். வேனில் பையை மட்டும் ஏற்றிவிடலாம் என்று ஒரு சோம்பேறி சொன்னான். ரேடியோ இரண்டு பக்கமும் பேசினாள். எல்லோரும் பாப்பாவைப் பார்த்தார்கள்.

"அப்பா, நீ வீட்டுக்குப் போ."

மாமா தலையாட்டினார்.

"நேரா வீட்டுக்கா?"

"நேரா."

"எங்கயும் ஒளிஞ்சு நிக்க மாட்டியே?"

"மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. ஒரு டீ குடிச்சுக்கலாமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "ஒண்ணு. அதோட கெளம்பணும்."

ஏரிப் பஸ் இன்னும் வரவில்லை. வரட்டும், ஏறுகிறார்களா என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று உடம்பில் ஒவ்வொரு நரம்பும் கெஞ்சியது. மாமா டீயை வாய் சுடச்சுடக் குடித்தார், வேனைத் திருப்பினார், கிளம்பினார். பிள்ளைகளைப் பார்க்கிற கண்ணாடியைக் கூரைப் பக்கமாகத் திருப்பி வைத்தார். எந்தப் பஸ்ஸில் ஏறினார்கள், ஏறினார்களா, உட்கார இடம் கிடைத்ததா, ஒன்றும் தெரியாமல் அவ்வளவு தூரமும் ஓட்டினார். பாதி வழியில் பாட்டுப் பாட ஆரம்பித்தார். ஏன் என்று அவருக்கே புரியவில்லை.

வீட்டில் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டு, "பிரேக் சத்தம் நின்னுதா?" என்றாள். அவ்வளவுதான். அந்தக் கேள்வி அந்த வீட்டில் பல வருஷம் ஓடியது.

டூர் முடிந்து பாப்பா கறுத்துப்போய், முழங்காலில் ஒரு சிராய்ப்போடு, பஸ் நிலையத்திலிருந்து தானே நடந்து வீட்டுக்கு வந்தாள். வாய் மூடவில்லை. ஏரியில் படகு தள்ளியது, ஸ்டவ் அணைந்துபோனது, வழி கேட்டவர் தன் வாழ்க்கைக் கதை முழுவதையும் சொன்னது. கூட்டத்தில் தனக்கு வைத்த புதுப் பெயரை மட்டும் சொல்ல மறுத்துவிட்டாள். மாமாவும் அன்றிலிருந்து பாப்பா என்று கூப்பிடுவதை நிறுத்தப் பார்த்தார். சில நாள் முடிந்தது.

பள்ளி திறந்த வாரமே வேனில் கலகம். ரேடியோ தலைமையில். "மாமா, எங்களைத் தெருமுனையில எறக்கி விடுங்க. நாங்க நடந்து போயிக்கறோம்." மாமா முதலில் முடியாது என்றார். அப்புறம் அரை மனசாக, பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றார். ஆனால் வீட்டில் சம்மதம் வாங்கிக்கொண்டு வர வேண்டும். மறுநாள் நாலு அம்மாக்கள் வேனை மறித்தார்கள்.

"என்ன மாமா இது? உங்களை நம்பித்தானே விட்டோம்!"

"என்னை நம்பினீங்க, சரி. உங்க பிள்ளைங்களை நம்பி ஒரு நாள் பாருங்க."

இரண்டு வீடுகள் வேறு வேனுக்கு மாறின. மாமா வருத்தப்பட்டார், ஆனால் இறங்கிவரவில்லை. முதல் நாள் எலுமிச்சையைத் தெருமுனையில் இறக்கிவிட்டபோது அவன் நாலு வீடு தள்ளியிருந்த தன் வீட்டுக்கு நடக்கவில்லை, குதித்துக்கொண்டு போனான். மாமா கண்ணாடியில் பார்க்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார். பார்த்தார்.

இன்னொரு வேலையும் அவர் தலையில் வந்து விழுந்தது. அக்காவின் ஒவ்வொரு டூருக்கும் பஸ் நிலையத்துக் கேட்டில் நிற்கிற வேலை. பிள்ளைகள் டிக்கெட் எடுக்க உள்ளே போனதும் பெற்றோர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள், ஏதோ மறந்துவிட்டதாக உள்ளே ஓடப் பார்ப்பார்கள், கார் சாவியைக் கையில் உருட்டுவார்கள். அந்தக் கார் சாவிக்காரர்களை மாமாவுக்குத் தூரத்திலேயே அடையாளம் தெரியும். தோளில் கை போட்டு, "வாங்க, டீ குடிக்கலாம், ஒரு கதை சொல்றேன்" என்று கூட்டிப்போய்விடுவார். கதை முடிவதற்குள் பஸ் போய்விடும். சிரித்துச் சிரித்து அழுத அப்பாக்களும் உண்டு, அழ வந்துவிட்டுச் சிரித்தவர்களும் உண்டு. "நீங்கதான் என் பின்படை" என்று அக்கா அவரைக் கேலி செய்வாள். குளத்தில் அவள் விசில் ஊதினால் இப்போதெல்லாம் பிள்ளைகள் கரைக்கு வருகிறார்களாம். இரண்டு சின்னது, ஒன்று நீளம் என்று ஊதிப் பழகியிருந்தாள், ராயல்டி கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டு.

மகள் வளர்ந்தாள். பின்னாளில் அவளும் லீவுகளில் அக்காவோடு போய் வரிசையின் கடைசியில் நடந்தாள். படித்தாள், சண்டை போட்டாள், ஒரு தூரத்து நகரத்தில் டிராம் ஓட்டுகிற வேலைக்கு எழுதிப் போட்டாள். வேலை கிடைத்ததைச் சொன்னபோது மாமா எழுந்து நின்றுவிட்டார். "டிராமா! தண்டவாளத்து மேலயா! ஸ்டியரிங் இருக்குமா?" "இல்லப்பா." "அப்புறம் எப்படித் திருப்புவ?" அன்று சாப்பிடும்வரை அதே பேச்சு. அக்கம்பக்கமெல்லாம் போய், "எங்க வீட்டுல ரெண்டு டிரைவர்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அவள் போய் இரண்டு வருஷம் கழித்து, ஒரு லீவில், மாமா அவளைப் பார்க்கப் போவதென்று முடிவானது. தனியாக. பேக்கரியில் ஆள் குறைவு, மனைவியால் வர முடியவில்லை. "நான் இல்லாம எப்படிப் போவீங்க?" என்று அவள் கேட்கவுமில்லை. ஒரு பெட்டி நிறையப் பன்னைக் கட்டிக் கொடுத்து, "உங்க பொண்ணுக்கு. வழியிலயே காலி பண்ணிடாதீங்க" என்றாள். மகள் ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு.

ரயிலில் ஜன்னலோரம். அவர் வாழ்க்கையில் பார்த்திராத ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. எதிரில் இருந்தவரிடம், அவர் கேட்காமலே, டிராமுக்கு ஸ்டியரிங் கிடையாது என்று விளக்கிக்கொண்டிருந்தார். நகரத்தின் முதல் கட்டிடங்கள் தெரிய ஆரம்பித்த நேரத்தில் போன் துடித்தது. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தார். ஒரு முறை படித்ததும் மனைவியின் நம்பரைத் தேடினார். இரண்டாம் முறை படித்தபோது எழுந்து பெட்டியைக் கீழே இறக்கி, எல்லோருக்கும் முன்னால் கதவோரம் போய் நின்றுவிட்டார்.

"அப்பா, ஷிப்ட் மாத்திட்டாங்க, ஸ்டேஷனுக்கு என்னால வர முடியாது. நீயே வந்துடு. வெளிய வந்தா எதிர்லயே பஸ், ஆத்துப் பாலத்துல எறங்கு. சாவி கீழ்வீட்டு அக்காகிட்ட இருக்கு. டாக்ஸி எடுக்காத, ஏமாத்துவாங்க. பாலத்தைத் தாண்டிட்டேன்னா பதறாத, அடுத்த ஸ்டாப்ல எறங்கி ஆத்தோரமாவே நடந்து வா. நல்லா இருக்கும் அந்த ரோடு."